விமானி அறைக்கு ஒரே பச்சை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சிறு விமானங்கள் செய்வதைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இரண்டு வாரங்களுக்கு முன் வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இந்தக் கலைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதைப் பார்ப்பதே எனக்குப் பெரும் மகிழ்ச்சி. பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுப்பது, ஓரங்களைத் தேய்ப்பது, பசையை அளவாக இடுவது ஆகியவற்றைக் கட்டுரையாளர் பொறுமையாக விளக்கியிருந்தார். அந்தப் பகுதிகளில் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் விமானி அறையின் நிறத்தைப் பற்றி அவர் எழுதிய மூன்று வரிகள், புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளைத் தவறான வழியில் கொண்டுபோய் விடும் என்று அஞ்சுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்கால விமானம் எதுவானாலும் உட்புறத்துக்குக் 'காக்பிட் (விமானி அறை) பச்சை' என்று எழுதிய ஒரு பெயிண்ட் டப்பா போதும் என்றும், கருவிப் பலகைக்குக் கறுப்பு அடித்து, ஓரங்களில் வெள்ளி நிறத்தைத் தேய்த்துவிட்டால் உண்மையான பழமை வந்துவிடும் என்றும் கட்டுரை சொல்கிறது. முப்பது ஆண்டுகளாக மாலை நேரங்களில் இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில், இந்த மூன்று அறிவுரைகளையும் நான் மறுக்கிறேன். தொடக்கத்தில் நானும் இதையேதான் செய்தேன். ஹம்ப்ரோல் என்ற மாடல் பெயிண்ட் நிறுவனத்தின் 78 என்ற எண்ணுள்ள ஒரே டப்பாவை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர், ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109, அமெரிக்க மஸ்டாங், ஜப்பானிய ஜீரோ ஆகிய நான்கு போர் விமானங்களுக்கும் உள்ளே அடித்தேன். அந்த டப்பாவின் மேல் குற்றமில்லை. அது பிரிட்டிஷ் விமானங்களின் உட்புற நிறத்தை ஒட்டி வந்தது. அதை ஜெர்மானியனுக்கும் அமெரிக்கனுக்கும் ஜப்பானியனுக்கும் பூசியது என் தவறு. நான்கு நாடுகளில், வேறுவேறு தொழிற்சாலைகளில், வேறுவேறு மூலப்பொருள்களைக் கொண்டு கட்டப்பட்ட நான்கு விமானங்கள் என் அலமாரியில் ஒரே வீட்டுச் சுவர்போல நின்றன. அவற்றில் மூன்றைப் பின்னாளில் பிரித்து மீண்டும் பூச எனக்கு ஓராண்டு பிடித்தது.

முதலில் ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் புதியவர்கள் பெரும்பாலும் வாங்குவது அதைத்தான். அதன் விமானி அறையின் பக்கச் சுவர்களும் சட்டங்களும் சாம்பல் பூத்த இளம்பச்சையில் இருந்தன. நம் ஊரில் சொல்வதானால், வெயிலில் வாடிய துளசி இலையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும் நிறத்துக்கு அது நெருக்கமானது. கிளிப்பச்சையும் அல்ல, பாசிப்பச்சையும் அல்ல. பிரிட்டிஷ் தர நிறப்பட்டியலில் 283 என்ற எண்ணில் 'விமானச் சாம்பல் பச்சை' என்ற பெயரோடு இருப்பது அதற்கு அண்மையான மாதிரி. ஆனால் இந்தப் பச்சை விமானம் முழுவதும் ஓடுவதில்லை. விமானியின் இருக்கையைத் தாங்கும் சட்டத்துக்குப் பின்னால், கண்ணாடி மூடியின் வழியே எட்டிப் பார்க்கும்போது தெரியும் பின் உடற்பகுதி, பெரும்பாலும் அலுமினிய நிறத்தில்தான் இருந்தது. அங்கேயும் பச்சையை அடித்து நிரப்பும் பிள்ளைகளை நான் கண்காட்சிகளில் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இருக்கையின் கதை இன்னும் நுட்பமானது. தொடக்க கால ஸ்பிட்ஃபயர்களின் இருக்கை உலோகத் தகட்டால் ஆனது. அதற்கு அதே சாம்பல் பச்சை சரி. பிறகு வந்தவற்றில் செயற்கைப் பிசின் ஊட்டிய நார் அடுக்குகளை அழுத்தி வார்த்த இருக்கைகள் பொருத்தப்பட்டன. அவை பெரும்பாலும் பெயிண்ட் பூசப்படாமல், பிசினின் இயல்பான செம்பழுப்பு நிறத்திலேயே இருந்தன. வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டியை உடைத்தால் உள்ளே தெரியும் நிறத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதை 1/48 அளவில், அதாவது உண்மையான விமானத்தின் 48-இல் ஒரு பங்கு அளவுள்ள மாடலில், பூசும்போது நான் டமியா என்ற பெயிண்ட் நிறுவனத்தின் 'ஹல் ரெட்' என்ற மங்கிய சிவப்போடு மண் பழுப்பைச் சேர்த்து அடித்தளமாக இடுகிறேன். அது காய்ந்தபின் சற்றே ஆரஞ்சு கலந்த மெல்லிய பூச்சை, ஒரே சீராக இல்லாமல், அங்கங்கே படியும்படி தடவுகிறேன். இருக்கையின் சாய்மானத்தில் கறுப்புத் தோல் மெத்தை வரும். அதன் மேல் தோள்பட்டை வார்கள் அழுக்கேறிய வெளிர் கேன்வாஸ் நிறத்தில் வரும். இவ்வளவு சின்ன இடத்தில் சாம்பல் பச்சை, செம்பழுப்பு, மங்கிய கறுப்பு, வெளிர் கேன்வாஸ் என்ற நான்கு நிறங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் அந்தச் சிறு குழிக்குள் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான் என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வருகிறது.

இங்கேதான் வெள்ளி நிறத்தைத் தேய்க்கும் அறிவுரையின் கெடுதல் தெரிகிறது. பிசின் இருக்கையின் ஓரத்தில் வெள்ளி தேய்த்தால், உள்ளே இல்லாத உலோகத்தை நாம் காட்டுகிறோம். பெயிண்ட் தேயும் இடத்தில் என்ன வெளிப்படும் என்பது அதற்கு அடியில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. மஸ்டாங் விமானத்தின் தரையை இதற்குச் சான்றாகச் சொல்வேன். அதன் பி-51டி என்ற வகையில் விமானியின் காலடியில் இருந்தது ஒட்டுப்பலகைத் தரை. அதன் மேல் வழுக்காத கறுப்புப் பூச்சு இட்டிருந்தார்கள். விமானியின் குதிகால் தேய்த்துத் தேய்த்து அந்தக் கறுப்பு போன இடத்தில் மரம்தான் தெரிய வேண்டும். கட்டுரை சொன்னபடி அங்கே வெள்ளி தேய்க்கும் மாணவன், பார்வைக்கு அழகாகவே செய்திருந்தாலும், இல்லாத ஒன்றைச் செய்திருக்கிறான். அதே மஸ்டாங்கின் பக்கச் சுவரில் பச்சை உரிந்த இடத்தில் உலோகம் தெரிவதில் தவறில்லை. ஒரே அறைக்குள் கைப்பிடி அளவு தொலைவில் இரண்டு விதமான தேய்மானம் வருகிறது.

அமெரிக்க விமானங்களின் பச்சை எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், டப்பாவின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது. அலுமினியம் அரிக்காமல் இருக்க ஜிங்க் குரோமேட் என்ற அடிப்பூச்சை இட்டார்கள். அதன் இயற்கை நிறம், எலுமிச்சங்காய் பழுக்கத் தொடங்கும்போது காணும் பச்சை கலந்த மஞ்சள். அந்த மஞ்சளோடு புகைக்கரி போன்ற கறுப்பு நிறமியைச் சேர்த்தால் அது அழுக்கு மஞ்சளாவதில்லை, பச்சையாகிறது. நம்பாதவர்கள் ஒரு பீங்கான் தட்டில் மஞ்சள் பெயிண்டின் மேல் ஊசிமுனை அளவு கறுப்பை விட்டுக் குழைத்துப் பார்க்கலாம். கண்ணெதிரே ஆலிவ் பச்சை எழும். விமானி அறைகளுக்குரிய 'உட்புறப் பச்சை' இந்தக் குழைவிலிருந்து பிறந்ததுதான். கறுப்பு எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பொறுத்து அது தொகுதிக்குத் தொகுதி, தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறியது. ராணுவமும் கடற்படையும் பொது நிறப்பட்டியல் ஒன்றை ஏற்று, அதில் உட்புறப் பச்சைக்கு 611 என்ற எண் கொடுத்த பின்னரும், பழைய வழக்கத்தைக் கைவிடாத பட்டறைகள் இருந்தன. அதற்கு முன்னரோ, சில நிறுவனங்கள் ஏறக்குறைய கரும்பச்சையான வேறு நிறங்களைப் பயன்படுத்தின. ஆகவே அமெரிக்க விமானம் என்றால்கூட, எந்த நிறுவனம், எந்த ஆண்டு என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் தூரிகையை நனைக்கக் கூடாது.

ஜெர்மானிய விமானங்களில் விடை இன்னும் எளிது. ஆண்டு தெரிந்தால் போதும். 1941-ஆம் ஆண்டின் இறுதி வரை பெரும்பாலும், ஜெர்மானிய விமானத்துறை அமைச்சகத்தின் (ஆர்எல்எம்) நிறப்பட்டியலில் ஆர்எல்எம் 02 என்ற பச்சை கலந்த சாம்பல். அதன்பின் ஆர்எல்எம் 66 என்ற கருஞ்சாம்பல். 1940-இல் இங்கிலாந்தின் மேல் பறந்த மெஸ்ஸர்ஷ்மிட்டுக்குக் கருஞ்சாம்பல் அடித்தால் பிழை. 1944-இல் பறந்ததற்குப் பச்சை சாம்பல் அடித்தாலும் பிழை. பிந்தைய 109-இல் வலப்புறச் சுவரோரம் ஓடும் மஞ்சள் எரிபொருள் குழாயையும், எரிபொருள் ஓடுவதை விமானி பார்ப்பதற்காக அதில் வைத்திருந்த கண்ணாடித் துண்டையும் மட்டும் பிள்ளைகள் விட்டுவிடக் கூடாது. அந்த இருண்ட அறையில் கண்ணைப் பிடித்து இழுப்பது அந்த மஞ்சள் ஒன்றுதான்.

நம் வாசகர்களுக்கு அருகிலுள்ள ஒரு நிகழ்வையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 1942 ஏப்ரல் 5-ஆம் நாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின் மீதும், 9-ஆம் நாள் திருகோணமலையின் மீதும் ஜப்பானியக் கப்பற்படை விமானங்கள் தாக்கியபோது, அவற்றை எதிர்த்து எழுந்தவை பெரும்பாலும் ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானங்கள். அந்த இரண்டு நாள்களை நினைவுகூர, ஒரு ஹரிக்கேனையும் ஒரு ஜீரோவையும் அருகருகே நிறுத்தும் மாடலை நான் செய்தேன். கட்டுரை சொன்னபடி இரண்டுக்கும் ஒரே பச்சை அடித்திருந்தால், அந்த இரு விமானங்களைப் பிரித்துக் காட்டும் எல்லாமே அழிந்திருக்கும்.

ஹரிக்கேனின் உள்ளே பார்த்தால், அது ஸ்பிட்ஃபயருக்கு முந்திய தலைமுறைக் கட்டுமானம் என்பது நிறத்திலேயே தெரியும். ஸ்பிட்ஃபயரில் தகட்டாலான மேலோடே பாரத்தைத் தாங்குகிறது. ஹரிக்கேனில் உலோகக் குழாய்களைக் கோத்த கூண்டு தாங்குகிறது. அந்தக் குழாய்கள் அலுமினியப் பெயிண்டில் வெள்ளியாக நிற்கும். அவற்றுக்கிடையே இருக்கையும் மேற்பகுதித் தகடுகளும் சாம்பல் பச்சையில் வரும். விமானியின் காலடியில் தரை என்று ஒன்றே கிடையாது. கால் வைக்க இரண்டு தடங்கள் மட்டுமே. எனவே கீழே எட்டிப் பார்த்தால் விமானத்தின் வயிறு நிழலில் கிடக்கும். அந்த நிழலை நான் கறுப்பால் காட்டவில்லை. வெள்ளி நிறத்தின் மேல் பழுப்பும் சாம்பலும் கலந்த நீர்த்த பூச்சை மூன்று முறை விட்டு, ஒவ்வொரு முறையும் காயவைத்து உருவாக்கினேன்.

ஜீரோவின் விமானி அறைக்குத் தனிப் பச்சை உண்டு. அதிலும் மிட்சுபிஷி கட்டியதற்கும் நகாஜிமா கட்டியதற்கும் நிறம் ஒன்றல்ல. ஜீரோக்களில் பாதிக்கு மேல் நகாஜிமாவின் ஆலையிலிருந்தே வந்தன என்பதால், எந்த ஆலையின் விமானம் என்று கேட்காமல் விட முடியாது. இலங்கையின் மேல் பறந்தவை விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த தொடக்க கால ஜீரோக்கள். ஆகையால் நான் மிட்சுபிஷியின் மங்கிய ஆலிவ் சாயலைத் தேர்ந்தேன். டமியா நிறுவனம் எக்ஸ்எஃப்-71 என்ற எண்ணில் ஜப்பானியக் கப்பற்படைக்கெனத் தனியே ஒரு காக்பிட் பச்சையை விற்கிறது. தொடங்குபவருக்கு அது போதுமானது. இன்னொரு தவறையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஜப்பானிய விமானங்களின் உட்புறங்களில் 'அஒதாகே' என்ற, உலோகம் உள்ளிருந்து ஒளிரும்படியான நீலப்பச்சை அரக்குப் பூச்சு இருந்தது உண்மை. அதன் அழகில் மயங்கி விமானி அறை முழுவதும் அதையே பூசிவிடுகிறார்கள். ஜீரோவில் அதன் இடம் மற்ற உட்பகுதிகள். விமானி உட்கார்ந்த இடம் அல்ல. விமானி அறையில் கண்ணைக் கவர வேண்டியவை வேறு இரண்டு: எடை குறைக்க வட்ட வட்டமாகத் துளையிட்ட மெல்லிய இருக்கை, கருவிப் பலகைக்கு மேலே இடமும் வலமுமாக அறைக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளின் பின்பகுதி. அந்தத் துப்பாக்கிகளுக்கு நான் வெள்ளி பூசுவதில்லை. மங்கிய கருஞ்சாம்பலை அடித்து, காய்ந்தபின் பென்சில் கரியைத் தூளாக்கி விரல் நுனியால் மெல்லத் தேய்க்கிறேன். எண்ணெய் பட்ட இரும்பின் நிறம் அப்படித்தான் கிடைக்கிறது.

இவற்றையெல்லாம் எங்கிருந்து அறிவது என்று கேட்பார்கள். கட்டுரையாளர், அருங்காட்சியக விமானத்தின் வண்ணப் படத்தைப் பார்த்துப் பூசினால் பிழை வராது என்கிறார். அதிலும் கவனம் வேண்டும். இன்று பறக்கும் நிலையிலோ காட்சியிலோ உள்ள விமானங்களில் பல, முழுவதும் பிரித்துப் புதிதாகப் பூசப்பட்டவை. பூசியவர் கையில் அன்று கிடைத்த பச்சையே அங்கே இருக்கும். பறக்க அனுமதி பெற்றவற்றில் இன்றைய வானொலியும் இன்றைய பட்டை வார்களும் இன்றைய எச்சரிக்கை எழுத்துகளும் சேர்ந்திருக்கும். ஸ்பிட்ஃபயரின் கதவில் செருகியிருக்கும் கடப்பாரை இதற்கு நல்ல சான்று. சீரமைத்த விமானங்களில் அது பளிச்சென்ற சிவப்பில் இருப்பதைப் பார்த்து எல்லாரும் சிவப்பு அடிக்கிறார்கள். ஆனால் போர்க்காலத்தில் அதைச் சிவப்பாகப் பூசும் வழக்கம் இருக்கவில்லை. டெல்லியில் பாலம் (Palam) என்ற பகுதியிலுள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகத்தில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், டெம்பெஸ்ட் மூன்றையும் நேரில் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். உருவத்தையும் அளவையும் பாகங்களின் இடத்தையும் அங்கே கற்றுக்கொள்ளலாம். நிறத்துக்கு மட்டும் அதை ஒரே சாட்சியாகக் கொள்ளக் கூடாது. நம் ஊர்களில் நாற்சந்தியிலும் கல்லூரி வாசலிலும் பீடத்தின் மேல் நிறுத்திய ஓய்வுபெற்ற விமானங்கள் மழைக்கும் வெயிலுக்குமாகப் பலமுறை மீண்டும் பூசப்பட்டவை. அவை நிறத்துக்குச் சாட்சியே அல்ல.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்து நிறம் சொல்வோரும் உண்டு. அந்தக் காலத்துப் படச்சுருள்களுள் ஒருவகைச் சுருள், சிவப்பு நிறத்தை உணராது. அதில் எடுத்த படத்தில் சிவப்பும் மஞ்சளும் இருண்டு, நீலம் வெளுத்துத் தெரியும். ஸ்பிட்ஃபயரின் செம்பழுப்பு இருக்கை அப்படிப்பட்ட படத்தில் ஏறக்குறைய கறுப்பாகவே விழும். எந்தச் சுருளில் எடுத்தது என்று தெரியாமல் சாம்பலின் ஆழத்தை வைத்து நிறத்தை முடிவுகட்ட முடியாது.

எனக்குப் பெரிதும் உதவியவை, 1942-இல் அமெரிக்க அரசுக்காக ஆல்ஃபிரட் பால்மர் எடுத்த வண்ணப் படங்கள். கலிஃபோர்னியாவில் இங்கிள்வுட்டின் நார்த் அமெரிக்கன் ஆலையிலும், லாங் பீச்சின் டக்ளஸ் ஆலையிலும் ஆண்களும் பெண்களும் விமானங்களைக் கட்டிக்கொண்டிருக்கும் காட்சிகள் அவை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள அப்படங்களை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பூசாத அலுமினியமும், மஞ்சள்பச்சை அடிப்பூச்சு இட்ட பாகமும் அருகருகே, பெயிண்ட் காய்ந்த புதுமையோடு அவற்றில் தெரியும். காட்சிக்காக விளக்கு அமைத்து எடுத்த படங்கள் என்பதால் நிறம் சற்று ஒளி கூடியிருக்கலாம்; அதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும், எந்தப் பாகத்துக்குப் பூச்சு இட்டார்கள், எதற்கு இடவில்லை என்பதை அவற்றைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று எனக்குத் தெரியவில்லை.

எண்களின் மேல் வைக்கும் நம்பிக்கையிலும் ஒரு எச்சரிக்கை தேவை. மாடல் பெட்டிகளிலும் பெயிண்ட் அட்டவணைகளிலும் எஃப்எஸ் 34151 போன்ற எண்களைப் பார்க்கிறோம். அது அமெரிக்க அரசு வெளியிட்ட 595 என்ற நிறத் தரப்பட்டியலின் எண். முதல் இலக்கம் 3 என்றால் பளபளப்பற்ற பூச்சு; இரண்டாம் இலக்கம் 4 என்றால் பச்சை வகை; மற்ற மூன்றும் அந்த வகைக்குள் இருக்கும் இடத்தைக் குறிப்பவை. இந்த முறையைப் புரிந்துகொண்டால் எண்ணைப் பார்த்ததுமே நிறத்தின் குடும்பம் தெரிந்துவிடும். ஆகவே அதைக் கற்பது நல்லது. ஆனால் அந்தப் பட்டியல் முதன்முதலில் வெளிவந்தது 1956-இல். போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேல் கழித்துப் பிறந்த எண், போர்க்கால நிறத்துக்கு 'இதுவே நெருக்கம்' என்று பிற்காலத்தவர் சொன்ன ஒப்பீடு மட்டுமே.

சரியான நிறத்தைக் கண்டுபிடித்த பின்னரும் அதை அப்படியே டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினால் மாடல் கனத்துப் போகும். 1/48 அளவு விமானத்தை ஓரடித் தொலைவில், அதாவது 30 சென்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பது, உண்மையான விமானத்தை 14.4 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். 1/72 என்றால் 21.6 மீட்டர். அவ்வளவு தொலைவில் எந்த நிறமும் சற்றே வெளுத்துத்தான் தெரியும். எனவே அடித்தளப் பச்சையைக் கொஞ்சம் வெளிற வைக்க வேண்டும். வெறும் வெள்ளையைச் சேர்த்தால் நிறம் சுண்ணாம்பு பூத்ததுபோல் செத்துவிடும் என்பதால், பச்சைக்கு இளமஞ்சளும், சாம்பலுக்கு வெளிர்ச் சாம்பலும் சேர்ப்பது என் வழக்கம். காய்ந்தபின் மூலைகளிலும் சட்டங்களின் அடியிலும் நீர்த்த கரும்பழுப்பை ஓடவிட்டு, மேடான இடங்களில் ஈரம் துடைத்த தூரிகையால் அடித்தளத்தைவிட ஒரு படி வெளிறிய அதே பச்சையைத் தொட்டும் தொடாமலும் இழுத்தால், வெள்ளி தேய்க்காமலேயே ஒவ்வொரு விளிம்பும் எழுந்து நிற்கும்.

கருவிப் பலகைக்குத் தூய கறுப்பு அடிக்கவே கூடாது. தூய கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும். பலகையில் வார்த்திருக்கும் குமிழும் வளையமும் திருகும் காணாமல் போய்விடும். ரப்பர் டயரின் கறுப்பைப் போன்ற கருஞ்சாம்பலை அடித்து, கடிகாரம் போன்ற கருவி முகங்களுக்குள் மட்டும் தூய கறுப்பை விட வேண்டும். அப்போது பலகையும் முகங்களும் தாமாகவே பிரிந்து தெரியும். அமெரிக்க விமானங்களில் வழக்கமான கருவிக்குப் பலகையில் வெட்டிய துளை மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய 80 மில்லிமீட்டர். 1/48 அளவில் அது 1.7 மில்லிமீட்டர். கடுகு அளவுள்ள அந்த வட்டத்துக்குள் எண்களை எழுத முயலாமல், தூரிகையின் ஒற்றை மயிரால் வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளையில் ஓரத்தில் நான்கைந்து புள்ளிகளும் நடுவே ஒரு கோடும் இட்டால் போதும். பிரிட்டிஷ் விமானத்தில் நடுவிலுள்ள ஆறு கருவிகளும் மேலே மூன்று கீழே மூன்றாக ஒரே தொகுதியாக நிற்கும். அந்த ஆறிலும் கோடுகள் வேறுவேறு திசையில் இருந்தால் மட்டுமே அவை உயிருள்ளவையாகத் தெரியும். கடைசியாக, பல்குச்சியின் முனையால் ஒவ்வொரு முகத்திலும் பளபளக்கும் வார்னிஷ் ஒரு சொட்டு. அது காய்ந்து சுருங்கும்போது மேற்பரப்பு சற்றே குழிந்து, கண்ணாடி மூடியதுபோல் ஒளியைத் திருப்பும். இருபது ஆண்டுகளாகச் செய்தும், அந்தச் சொட்டு காயும் வரை நான் மேசையை விட்டு எழுவதில்லை.

உண்மையான நிறத்தைத் தேடும் ஆர்வத்தில் சிலர் பழைய இரும்புக் கடைகளில் விமானப் பாகங்களையும் கருவிகளையும் வாங்கிவந்து சுரண்டிப் பார்க்கிறார்கள். இதைப் பெற்றோர் அனுமதிக்கவே கூடாது. நான் மேலே சொன்ன ஜிங்க் குரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதை உப்புத்தாளால் தேய்த்துத் தூளை மூச்சில் இழுப்பது ஆபத்து. அந்தக் காலக் கருவி முகங்களில் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு இட்டிருந்தார்கள். இன்று அது ஒளிராமல் பழுப்பேறிக் கிடப்பதைப் பார்த்துக் கெடுதியற்றது என்று எண்ணிவிடக் கூடாது. ஒளிரும் பொருள்தான் நலிந்திருக்கிறது. ரேடியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட கருவியைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது. படத்தைப் பார்த்து, தட்டில் நிறத்தைக் குழைத்துக் கற்பதே பிள்ளைகளுக்குரிய வழி.

ஆசிரியர் அவர்கள் எனக்கு இரண்டு உதவிகள் செய்ய வேண்டுகிறேன். கட்டுரையின் அடுத்த பகுதி விரைவில் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் 'காக்பிட் பச்சை' என்ற ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு, எந்த விமானம், எந்த ஆலை, எந்த ஆண்டு என்று கேட்டு நிறத்தைத் தேர்வு செய்யுமாறு எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் அச்சான ஸ்பிட்ஃபயர் மாடலின் படத்தில் இருக்கை முழுவதும் வெள்ளி தேய்த்திருந்தது. அதே படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பூசிக்கொண்டிருப்பார்கள் என்பதால், அந்த இருக்கை செம்பழுப்பாகவோ சாம்பல் பச்சையாகவோ இருக்க வேண்டும் என்ற திருத்தத்தையாவது வரும் ஞாயிறன்றே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.